புளி போட்டு விளக்கிய அம்மன் காசும் அமெரிக்க சர்ட்டிபிகேட்டும்

(டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். காசு சேர்க்கிற ஆளுங்க பொறுமையா படிங்க. மத்தவங்க அப்பத்தா வர்ற இடத்தை மட்டும் படிச்சாலும் போதும்.)

ஞாயித்துக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுட்டு அரைத்தூக்கத்தில் கிடந்தபோது அப்பாவிடமிருந்து போன். வழக்கமா "சாப்டியா, அங்க மழையா" என்ற ரெண்டு கேள்வியோட முடிஞ்சிடும். அன்னைக்கு மட்டும் எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, இந்த அம்மன் காசுக்கு சர்ட்டிபிகேட்டு எங்கடா வாங்குறது? அமெரிக்காவுல குடுக்குறாங்களாமே" என்றார்.

எனக்குத் தூக்கம் போயிடுச்சு. எங்கப்பா அமெரிக்கான்னு சொல்லி நான் கேட்டதே இல்லை.

அம்மன் காசு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க புதுக்கோட்டை 1948 மார்ச் வரைக்கும் தனி சமஸ்தானம், தொண்டைமான் மன்னர்கள் ஆட்சி. அவங்க போட்ட செப்புக்காசுதான் அம்மன் காசு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிற அம்மன், திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று மூணே எழுத்து. பழசெல்லாம் கையால் அடிச்சது. அம்மன் ஒரு உருண்டை மாதிரிதான் தெரிவா. பிற்பாடு வந்தது மெஷின் காசு, வட்டமா ஒழுங்கா இருக்கும். ரெண்டிலுமே வருஷம் கிடையாது. நவராத்திரிக்கு அரண்மனையில் அரிசிப்படி கொடுக்கும்போது இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பாங்களாம். ஊர்ப்பக்கம் பழைய வீடுகளில் பரண், அரிசிப்பானை, சாமி மாடம்னு எங்கேயாவது ரெண்டு கிடக்கும். அபூர்வம்னு சொல்ல முடியாது.

எங்க வீட்டில் மொத்தம் 41. அப்பத்தாவோட பித்தளை டப்பாவில் இருந்தது. கூடவே ஒரு விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய், 1862-ன்னு போட்டது, தலைக்கு மேல வளையம் பற்றவைச்சது. அப்பத்தா கல்யாணத்தப்போ கழுத்தில் கிடந்ததாம். (1862-ன்னு போட்டிருந்தா அந்த வருஷம்தான் அடிச்சதுன்னு நம்பிடாதீங்க. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல அதே வருஷத்தைப் போட்டே அடிச்சுத் தள்ளியிருக்காங்க. எங்க ஆபீஸ்ல வெர்ஷன் நம்பரை மாத்தாம ரிலீஸ் பண்ற ஆளுங்க ஞாபகம் வருது.)

இப்ப நான் செஞ்ச வேலையைச் சொல்லணும். அப்போ எனக்குப் பத்து வயசு, அஞ்சாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. அப்பத்தாவுக்கு முடியாம கட்டிலில் கிடந்த சமயம். டப்பாவைத் திறந்தேன். காசெல்லாம் கருப்பேறி, அம்மன் இருக்கிற இடமே தெரியலை. பாத்திரம் விளக்குற இடத்துக்குக் கொண்டுபோய், புளியைக் கரைச்சு ஊறவைச்சு, அது பத்தாதுன்னு சபீனா பவுடரைப் போட்டு, தேங்கா நாரால அரை மணி நேரம் தேய்ச்சேன். 29 காசு, அத்தனையும் பளபளன்னு ரோஸ் கலரில் மின்னுச்சு. முதல் பரிசு ஒரு சோப்பு டப்பா. சாயங்காலம் அப்பத்தாகிட்ட காட்டினா, ஒண்ணை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, "ஆத்தா மொகத்தைத் தேச்சுப்புட்டியேடா ராசா" அப்படின்னு மட்டும் சொல்லுச்சு. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

மீதி 12 தப்பிச்சதுக்குக் காரணம், அது தனியா ஒரு மஞ்சத்துணியில் முடிஞ்சு கிடந்தது. முடிச்சை அவிழ்க்க எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

சரி, அப்பாவுக்கு வருவோம். எங்க ஊர் ஆலங்குடி பக்கம். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா வந்தப்போ எங்க தென்னந்தோப்பில் நின்ன மரத்தை விரல் விட்டு எண்ணிடலாம். தென்னை ஒரு வருஷத்துப் பயிர் இல்லை. புதுசா வெச்சு அது காய்க்கிறதுக்குள்ள வட்டி காய்ச்சுடும். அந்தக் கடன் இன்னும் முழுசா தீரலை. இந்த நிலைமையில் யாரோ அப்பாவுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்காங்க: அம்மன் காசு வெச்சிருக்கீங்களா, அஞ்சு லட்சம், உடனே கூப்பிடுங்க. அப்பா கூப்பிட்டுட்டார். 'பதிவுக் கட்டணம்' 2,500 ரூபாய் அனுப்பியும் விட்டார். அடுத்து, "உங்க காசு ஓகே ஆயிடுச்சு, ஆனா கிரேடிங் சர்ட்டிபிகேட் வேணும், நாங்களே வாங்கித் தர்றோம், 18,000 கட்டுங்க" என்றிருக்கிறார்கள். அந்த 18,000-க்கு முன்னால்தான் எனக்குப் போன் பண்ணியிருக்கார். நல்லவேளை.

"அப்பா, அந்த நம்பரை முதல்ல பிளாக் பண்ணுங்க" என்றேன். ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கு: பழைய காசு, நோட்டு வாங்க விற்க எங்க பேரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரின்னு கேட்டா நம்பாதீங்க, அந்த மாதிரி எந்த வியாபாரமும் நாங்க பண்றதில்லைன்னு. அதைப் படிச்சுக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அது சரி... ஆனா சர்ட்டிபிகேட்டுங்கிறது நெசம்தானே? நீயே பாத்து நல்ல கம்பெனியா சொல்லு" என்றார்.

நிஜம்தான். அதுதான் சிக்கல். ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். ஆபீஸில் காசு சேர்க்கிற நண்பர் ஒருத்தர் இருக்கார், அவரையும் குடைஞ்சேன்.

அமெரிக்காவில் இதைப் பண்றதில் பழசு அனாக்ஸ். அங்கத்திய காசியல் சங்கம் 1972-ல் ஆரம்பிச்சது, முதலில் போலியா அசலான்னு மட்டும் சொன்னாங்க. 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி. காசைப் பார்த்து 1-லேர்ந்து 70-க்குள்ள மார்க் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் வெச்சு சீல் பண்ணிடுவாங்க. அதுக்குப் பேர் ஸ்லாப். இந்த 70 கணக்கு ஷெல்டன் என்பவர் 1949-ல் அமெரிக்காவின் பழைய செப்புக்காசுகளுக்காகப் போட்டது. அங்கேயும் செம்புலதான் ஆரம்பிச்சிருக்கு, பாருங்க.

கழுவின காசு, அடிபட்ட காசு போனா என்ன ஆகும்? முன்னெல்லாம் பெரிய கம்பெனிகள் ஸ்லாப்பே போட மாட்டாங்க. ஒரு சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டு, காரணத்தை எழுதித் திருப்பி அனுப்பிடுவாங்க. சேகரிப்பாளர்கள் அதுக்கு வெச்ச பேரு 'பாடி பேக்', அதாவது பிணப்பை. அனாக்ஸ் மட்டும் அப்பவே இந்த மாதிரி காசையும் எடுத்து, குறையை லேபிளில் எழுதிக் கொடுத்துட்டிருந்தாங்க. இப்போ எல்லாருமே அப்படித்தான். 'டீடெய்ல்ஸ்'னு ஒரு வகை. காசில் எவ்வளவு உருவம் மிச்சம் இருக்குங்கிறதைச் சொல்லி, பக்கத்திலேயே குத்தத்தையும் எழுதிடுவாங்க: முறையில்லாமல் சுத்தம் செய்யப்பட்டது, கீறல், நகையிலிருந்து எடுத்தது, மண்ணில் கிடந்து அரிச்சது. பிசிஜிஎஸ்-ல் ஒவ்வொரு குத்தத்துக்கும் ஒரு கோடு இருக்கு. கழுவினா 92, கீறினா 95, மண் அரிச்சா 97, அடிபட்டா 98. எரர் கோடு பார்த்தே வாழ்றவன் நான், இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. நான் 92. கட்டணம் மட்டும் எந்தக் கோடு வந்தாலும் திரும்ப வராது.

கழுவினதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னும் தேடினேன். செம்பு காலப்போக்கில் காத்தோட சேர்ந்து பழுப்பா ஒரு தோல் போர்த்திக்கும். அது அழுக்கு இல்லை, காசோட மேல்தோலே அதுதான். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் அந்தத் தோலைக் கரைச்சு உரிச்சிடும். அடியில் தெரியுற ரோஸ் கலர் பச்சைக்காயம் மாதிரி. இதாவது பரவாயில்லை, வருஷக்கணக்கில் மறுபடி பழுப்பேறும். பவுடர் போட்டுத் தேய்ச்சா தலைமுடி மாதிரி ஆயிரக்கணக்கான கோடுகள் விழும். அது ஆறவே ஆறாது. விளக்கு வெளிச்சத்தில் காசை மெல்லத் திருப்பினா, தேய்க்காத காசில் ஒளி ஒரே அலையா சுத்தி வரும். தேய்ச்ச காசில் சிதறிப்போகும். ரெண்டு நொடியில் சொல்லிடலாம்.

எல்லா சுத்தமும் குத்தம் இல்லை. காய்ச்சி வடிச்ச தண்ணியிலோ சுத்தமான அசிட்டோனிலோ ஊறப்போட்டு, துடைக்காம அப்படியே காய விட்டா ஒட்டின பிசுக்கு மட்டும் போகும், உலோகத்துக்கு ஒண்ணும் ஆகாது. என்ஜிசி-க்கு இதுக்குன்னே என்சிஎஸ் என்று ஒரு பிரிவு இருக்கு. நம்ம சென்னை அருங்காட்சியகத்திலும் 1930-லேர்ந்தே வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கு; மண்ணிலிருந்து வந்த வெண்கலச் சிலைகளை அரிப்பிலிருந்து காப்பாத்த அங்கே வேலை நடந்திருக்கு. ஆக, கழுவுறதுக்கும் பாதுகாக்கிறதுக்கும் நடுவுல சபீனா டப்பாதான் நிக்குது. :-)

அப்ப அடிபட்ட காசை எதுக்குத்தான் அனுப்பணும்? நண்பர் ஒரு நல்ல உதாரணம் சொன்னார். ஆறாம் ஜார்ஜ் 1939 வெள்ளி ரூபாய். சந்தையில் ரொம்ப அபூர்வம், அதனால போலியும் நிறைய. அவர்கிட்ட ஒண்ணு இருந்தது, யாரோ பாலிஷ் போட்டது. அனுப்பினார். 'டீடெய்ல்ஸ்'னுதான் வந்தது. ஆனா அவருக்கு வேண்டியது மார்க் இல்லை, 'அசல்' என்ற ஒரு வார்த்தை. அது கிடைச்சது, அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டணம் தகும். அதனால என் கட்சி இதுதான்: குறையுள்ள காசுக்கு கம்பெனி தேடும்போது, யார் நல்ல மார்க் போடுவாங்கன்னு பார்க்கிறது வெட்டி. அந்தக் காசில் அசலா போலியான்னு சந்தேகம் இருக்கா, இருந்தா அதைத் தீர்க்கிறது கட்டணத்தைவிடப் பெருசா? இதை மட்டும் பார்க்கணும். ஆமாம்னா, பேரைச் சொன்னதும் வாங்குறவன் தலையாட்டுற கம்பெனியா எடுங்க. குறையோட அளவையும் ஒரு எண்ணில் தெரிஞ்சுக்கணும், சும்மா என் திருப்திக்குன்னா அனாக்ஸ் போதும். அவங்க டீடெய்ல்ஸ் லேபிளிலும் எண் போடுவாங்க, மத்த ரெண்டு பேரும் போட மாட்டாங்க. இன்னொண்ணு, என்ஜிசி-யில் ரொம்பப் பழங்காலக் காசுக்குத் தனிப்பிரிவு. அடிப்புக்கு அஞ்சுக்கு எவ்வளவு, மேற்பரப்புக்கு அஞ்சுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா மார்க் போடுவாங்க. ஆனா அந்தப் பிரிவில் முன்னெல்லாம் அசல்தான்னு உத்தரவாதம் கொடுத்ததில்லை. அசல்னு சொல்லத்தான் அனுப்பினா, அப்பல்லாம் அது எதுக்கு?

அம்மன் காசில் இந்தக் கணக்கு எதுவுமே ஓடலை. வியாபாரிகிட்ட போனா சாதாரண காசுக்கு நூத்துக்கணக்கில்தான் பேச்சு, லட்சமெல்லாம் வீடியோவோட சரி. ஒரு காசை அனுப்பி வாங்குற செலவில் பத்து அம்மன் காசு வாங்கிடலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் சட்டம். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன காசு தொல்பொருள். அதைத் தனியாள் யாரும் நாட்டை விட்டு அனுப்பக் கூடாது. மீறினா ஆறு மாசத்துக்குக் குறையாம மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. திரும்பி வரத்தானே போகுதுன்னு நாமளா சமாதானம் சொல்லிக்க முடியாது. விக்டோரியா ரூபாய் சந்தேகமே இல்லாம இதில் வந்துடும். கையால் அடிச்ச அம்மன் காசும் அப்படித்தான். மெஷின் காசில் வருஷமே இல்லையே, நூறு ஆச்சா இல்லையான்னு யார் சொல்றது? தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர்தான் சொல்லணும்னு சட்டத்திலேயே இருக்கு. பொத்தான் சைஸ் காசை எடுத்துக்கிட்டு நான் டெல்லிக்கா போறது?

இந்த ராத்திரிப் படிப்பில்தான் கருக்காக்குறிச்சி கதை கண்ணில் பட்டது. எங்க ஊரிலிருந்து பைக்கில் போற தூரம். அங்க எங்களுக்குச் சொந்தக்காரங்களே இருக்காங்க. இத்தனை வருஷமா ஒருத்தரும் சொல்லலை. 1898-ல் அங்க ஒரு புதையல் கிடைச்சிருக்கு: 501 ரோமானியத் தங்கக் காசுகள்! அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரைக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் ஹில் அதே வருஷம் 'நியூமிஸ்மேடிக் க்ரானிக்கிள்' இதழில் எழுதியிருக்கார். ஒரு பகுதி அந்த மியூசியத்துக்கே போயிடுச்சு. விஷயம் என்னன்னா, அந்த 501-ல் பத்துக்கு ஒன்பதுக்கு மேல அடிபட்ட காசு. தேய்மானம் இல்லை. உளியை வெச்சு, சரியா ராஜா தலைமேல ஒரு வெட்டு. ஒவ்வொண்ணா, வேணும்னே.

ஏன் வெட்டினாங்க? இனிமே இது காசா ஓடக் கூடாது, உருக்குற தங்கமா மட்டும்தான் போகணும்னு வெட்டினாங்க என்பது ஒரு கட்சி. உள்ளேயும் தங்கம்தானான்னு சோதிச்சாங்க என்பது இன்னொண்ணு. வேத்து ராஜா மூஞ்சி நமக்கெதுக்குன்னு வெட்டினாங்க என்பாரும் உண்டு. எனக்கு முதல் கட்சி சரின்னு படுது. சோதனைக்குன்னா ஓரத்தில் ஒரு கீறல் போதுமே, குறிபார்த்துத் தலையில ஏன்? எப்படியோ, இன்னைக்கு அதையெல்லாம் ஸ்லாப்புக்கு அனுப்பினா 'டீடெய்ல்ஸ், சேதம், கோடு 98'. ஆனா ஆராய்ச்சிக்காரங்க நூத்து இருபது வருஷத்துக்கு மேல சண்டை போட்டுக்கிட்டு இருக்கிறது அந்த வெட்டைப் பத்தித்தான். வெட்டில்லாத ரோமானியக் காசு உலகம் பூரா கிடக்குது.

போன மாசம் ஊருக்குப் போனேன். பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ், பேப்பர் உறை எல்லாம் வாங்கிட்டுப் போய், திண்ணையில் அப்பாவும் நானும் உட்கார்ந்து 41 காசையும் பிரிச்சோம். நான் தேய்ச்ச 29-உம் மறுபடி பழுப்பேறித்தான் இருந்தது, ஆனா லென்ஸில் பார்த்தா நார்க்கோடு ஒவ்வொண்ணும் தெரிஞ்சது. அம்மன் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வழவழன்னு ஒண்ணுமில்லை. முடிச்சில் இருந்த 12-ஐ லென்ஸில் பார்த்தா அம்மன் கைவிரல் வரைக்கும் தெரியுது. அப்பா லென்ஸைக் கீழ வைக்கவே இல்லை.

எல்லாத்தையும் சொன்னேன். லட்சம் இல்லைன்னு, அனுப்பக் கூடாதுன்னு, இந்த 29-ஐக் கெடுத்தது நான்தான்னு. இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா உள்ளுக்குள்ளேயே கிடந்த விஷயம். ஒரு மாதிரி தொண்டை அடைச்சது.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீ ஒருத்தந்தான் வெளக்குனேன்னு நெனச்சியா? அப்பத்தாவுக்குக் கைகால் ஓடுன வரைக்கும் வருசா வருசம் சரசுவதி பூசைக்கு அதுவே புளி போட்டுத்தான்டா வெளக்கி வெக்கும். சாமிக்கு முன்னாடி கருப்பா வெப்பாங்களா? அது புளியோட விட்டுரும், நீ பவுடரைப் போட்டுட்ட. அதுக்குத்தான் அன்னைக்கு அப்புடிச் சொல்லுச்சு."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "அப்ப அந்தப் பன்னெண்டு?" என்றேன்.

"அது அவங்க அப்பாரு அரண்மனையில வாங்கிட்டு வந்து குடுத்தது. அதைத் தொட விடாது."

அந்தக் கிழவி சர்ட்டிபிகேட் எதுவும் இல்லாம எதைக் கழுவலாம், எதைக் கழுவக் கூடாதுன்னு பிரிச்சு வெச்சிருக்கு. நான் ரெண்டு வாரம் நெட்டைக் கட்டிக்கிட்டு அழுதேன்.

விக்டோரியா ரூபாய் பத்தியும் பேச்சு வந்தது. வளையத்தை ஆசாரிகிட்ட எடுத்துட்டு வித்தா என்னன்னு அப்பா கேட்டார். எடுத்தாலும் பற்றவைச்ச தழும்பு போகாது, 'நகையிலிருந்து எடுத்தது'ன்னு ஒரு குத்தம் கூடுதலா சேரும், அப்புறம் 11.66 கிராம் வெள்ளி விலைதான்னு சொன்னேன். அம்மா உள்ளேயிருந்து வந்து எதுவும் பேசாம அதை எடுத்துட்டுப் போயிட்டாங்க. விஷயம் முடிஞ்சது.

கடன் அப்படியேதான் இருக்கு. மாசத் தவணையை இப்ப நான் கட்டுறேன். அப்பாவுக்கு அதில் சந்தோஷம் இல்லைன்னு தெரியும், நான் கேட்டுக்கலை. போன 2,500-ஐப் பத்தி சைபர் கிரைம் 1930 நம்பரில் புகார் கொடுத்திருக்கோம்.

பன்னிரண்டும் பேப்பர் உறையில், உறை டப்பாவில். 29-உம் சாமி மாடத்தில் ஒரு தட்டில். நவராத்திரிக்கு லீவு சொல்லியாச்சு. அம்மா இப்பவே, "அந்தக் காசெல்லாம் கருத்துக் கெடக்கு, நீ வந்தா வெளக்கிக் குடு" என்று போனில் சொல்றாங்க. புளி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கேன். போனதும் முதல் வேலை, அந்தப் பவுடர் டப்பா எங்க இருக்குன்னு பார்க்கணும்.